யாருக்கும் ஆகாத பருத்திமார்

"காட்டிலேருந்து என்னென்ன எடுத்துட்டு வருவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டதும் மலர்க்கொடி முதலில் தெருமுனையில் ஜீப் நிற்கிறதா என்று பார்த்தாள். கேட்டவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். சுடிதார் போட்டு, தோளில் பை மாட்டி, கையில் காகிதக் கட்டோடு நின்றாள். பேர் சுகன்யா என்றும், திருச்சியில் ஒரு கம்பெனிக்காகக் கணக்கெடுக்க வந்திருப்பதாகவும் சொன்னாள். முகத்தில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் போன மாதம்தான், இதே கேள்வியை, இதே தெருவில் நின்று ஒரு போலீஸ்காரர் கேட்டிருந்தார். பருத்திக் காட்டுக்காரர் உத்திராபதியின் கிணற்று மோட்டாரிலிருந்து எவனோ செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டான். வாலிகண்டபுரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் ஜீப்புக்குக் கீழத்தெருவைத் தவிர வேறு வழி தெரியாது. காட்டிலிருந்து என்ன எடுப்பீர்கள் என்று கேட்டபோது, கீரை, மிளகாய், பருத்திமார் என்று வெள்ளந்தியாக வரிசை சொன்ன இரண்டு ஆம்பளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அதில் ஒருவனால் ஒரு வாரத்துக்குச் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை.

"ஒண்ணும் எடுக்க மாட்டோங்க" என்றாள் மலர்க்கொடி.

"பருத்தி எடுத்து முடிச்சப்புறம் அந்தச் செடியெல்லாம் என்ன ஆகும்? யாராவது அடுப்புக்கு எடுத்துக்கறது உண்டா?"

"அது யாருக்குங்க ஆவும்? காட்டுலயே குமிச்சு வச்சுக் கொளுத்திப்புடுவாங்க. நாங்கல்லாம் கேசு அடுப்புங்க."

தெருவில் கேஸ் அடுப்பு இருந்தது ஒரே வீட்டில். அங்கேயும் சிலிண்டர் எப்போதோ தீர்ந்துபோய், டிவிப் பெட்டியைத் தூக்கி வைக்கும் முக்காலியாக நின்றிருந்தது. மலர்க்கொடியின் முதுகுக்குப் பின்னாலேயே காய்ந்த பருத்திச்செடியைக் கட்டி அடுக்கிய பருத்திமார்ப் போர் ஆளுயரத்துக்கு இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டதற்கு, வேலி அடைக்க வைத்திருக்கிறோம் என்று கண்ணைக் கூடச் சிமிட்டாமல் சொன்னாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த வெற்றிச்செல்வி, மலர்க்கொடியின் ஓரகத்தி, சட்டென்று பிடித்துக்கொண்டு "ஆமாங்க, குப்பைங்க அது" என்றாள். அதன்பிறகு தெருக்கோடி வரை எந்த வீட்டிலும் வேறு பதில் வரவில்லை. சுகன்யாவுக்கு வேலை சீக்கிரம் முடிந்ததில் சந்தோஷம். போகும்போது மலர்க்கொடி வீட்டுக் குடத்துத் தண்ணீரையே செம்பில் வாங்கி, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண், போலீஸ் சேர்க்கைதான் சரியில்லை என்று மலர்க்கொடி நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். அவளுடைய வாய் இல்லாவிட்டால் இன்னும் நாலு பேர் ஜீப்பில் ஏறியிருப்பார்கள் என்றாள் வெற்றிச்செல்வி.

இரண்டாயிரத்து ஐந்து ஆடி மாதம் அது. பருத்திமார் யாருடையது என்று அதுவரைக்கும் அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. மானாவாரிக் காட்டில் முதல் பருத்தி எடுப்புக்குப் போகிற அன்றைக்கே ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு செடி வரிசையை, நெரையைப் பிடித்துக்கொள்வாள். கடைசி எடுப்பு வரைக்கும் அந்த நெரை அவளுடையது. பங்குனியில் பருத்தி ஓய்ந்ததும், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தன் நெரைச் செடியைத் தானே வேரோடு பிடுங்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடலாம். காட்டுக்காரருக்குச் செலவில்லாமல் நிலம் சுத்தமாகும். பிடுங்கினவளுக்கு அடுத்த பங்குனி வரைக்கும் அடுப்புக் கவலை கிடையாது. கூலி கேட்பதில்லை, கூலி கொடுப்பதும் இல்லை. மலர்க்கொடி கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து உத்திராபதி காட்டில் கிணற்றை ஒட்டின நெரைகளைப் பிடித்து வந்தாள். அங்கே ஈரம் அதிகம், மார் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும், நின்று எரியும். அந்த நெரைக்காக அவள் போட்ட சண்டைகளைச் சொன்னால் ஊரே சிரிக்கும்.

அவளுடைய புருஷன் செல்லக்கண்ணு அப்போது வீட்டோடு இருந்தான். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றப் போனவன், கல் சரிந்து கணுக்கால் நசுங்கித் திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடப்பான், பளு தூக்க முடியாது. சம்பாதிக்காத ஆம்பளைக்கு வீட்டில் என்ன மரியாதையோ அது அவனுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. மலர்க்கொடி வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். சோற்றைப் போட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளுகிற வேகத்தில் எல்லாம் இருக்கும்.

அடுத்த வருஷம் அரியலூர் சாலையில் ஒரு பெரிய புகைக்கூண்டு எழும்பத் தொடங்கியது. தாவரக் குப்பையை எரித்து கரன்ட் எடுக்கப் போகிறார்கள், சிமென்ட் ஆலைக்கு நிலக்கரி கரன்டுக்குப் பதிலாக இது போகும் என்றார்கள். வெளிநாட்டில் கரன்ட் கம்பெனிகள் இவ்வளவு புகைக்கு மேல் விடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாம், மீறினால் அபராதமாம். அதனால் அவர்கள் இந்த ஊரில் குறைந்த புகையைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்களாம். டீக்கடையில் இதைக் கேட்டவர்கள், இல்லாத புகையை எப்படி எடை போடுவான் என்று ஒரு வாரம் சிரித்தார்கள். எடை போடப் போவது எரிக்கிற குப்பையைத்தான். அதை ஊர் ஊராக வாங்கிச் சேர்த்துக் கொடுக்கக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த அறிவழகன் பெரம்பலூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் ஒருநாள் மலர்க்கொடி வீட்டுக்கே வந்து நின்றான்.

"யக்கா, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்கள்ல, அதையே மீட்டிங்குல மைக்குல சொல்லணும். பெரிய பெரிய ஆபீசருங்க வராங்க. அண்ணனுக்கு வாட்ச்மேன் வேலை நான் போட்டுத் தரேன்."

"அது என்னாத்துக்குங்க மைக்குல?"

"வூடு வூடா சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலையாம்" என்று சிரித்தான்.

மலர்க்கொடி முட்டாள் இல்லை. குப்பை என்று சொன்னால் குப்பையை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் முந்திரி ஓடு இருக்கிறது, மக்காச்சோளக் கட்டை இருக்கிறது, ஏரியெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு கீழத்தெருக்காரிகளின் நெரைக்கு எவன் வரப்போகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் பொய் என்று உள்ளே ஒரு மூலையில் தெரிந்தே இருந்தது. ஆனால் செல்லக்கண்ணு மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் ஆசை என்று ஒன்றை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சமுதாயக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி. கீழத்தெருப் பெண்கள் முதல்முறையாக முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மலர்க்கொடி கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று, பருத்திமார் யாருக்கும் ஆவாதுங்க, கொளுத்தித்தான் விடறோம், கம்பெனி வந்து எடுத்துக்கிட்டா ஊருக்கு நல்லதுங்க என்றாள். கைதட்டினார்கள். வெற்றிச்செல்வியும் தட்டினாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். பிரியாணியில் கறித்துண்டு பெரிதாக இருந்தது என்று ஊரில் இரண்டு நாள் பேச்சு.

செல்லக்கண்ணுவுக்கு வேலை கிடைத்தது. நீலச் சட்டை, பெல்ட், கறுப்பு பூட்ஸ். நசுங்கின காலுக்கு பூட்ஸ் சேராமல் பின்பக்கத்தை பிளேடால் கிழித்துப் போட்டுக்கொண்டான். காலையில் அவன் கிளம்பும்போது மலர்க்கொடி வாசல் வரைக்கும் வந்து நிற்கத் தொடங்கினாள். தட்டைத் தள்ளுவது நின்றது. இரண்டாயிரத்து ஏழு தை மாதம் புகைக்கூண்டில் முதல் புகை வந்தபோது அவனுடைய நடை நிமிர்ந்திருந்தது. சம்பளம்தான் வரவில்லை. வெளிநாட்டுக் காசு வந்ததும் மொத்தமாகத் தருவதாக அறிவழகன் சொன்னான். நம்பாமல் வேறு என்ன செய்வது?

புகை வந்த பிறகுதான் எரிகிற பொருளுக்கெல்லாம் விலை வந்தது. ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்தைப் பஞ்சாயத்தில் ஏலம் விட்டார்கள். வெட்டப்போன பெண்களை ஏலம் எடுத்தவனின் ஆட்கள் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள். விறகுக்கடையில் ஒரு கட்டு விறகு ஒரு நாள் களையெடுப்புக் கூலியைத் தின்றது. மாடு இல்லாதவளுக்கு வரட்டி ஏது? போன வருஷத்துப் போர் மாசியோடு தீர்ந்து, அடுப்பில் தேங்காய் மட்டையும் கிழிந்த செருப்பும் எரிந்த வீடுகள் உண்டு. மாதக் கடைசியில் உத்திராபதி ஆள் அனுப்பி, இந்த வருஷம் நெரைப் பேச்சு கிடையாது, மாரை எடைக்கு விலை பேசி கான்ட்ராக்டருக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார். கேட்கப் போன பெண்களிடம் அவர் கோபப்படக்கூட இல்லை.

"நான் என்னம்மா பண்றது? யாருக்கும் ஆவாத சாமான்னு நீங்களே சொன்னீங்க. அதுக்கு ஒருத்தன் காசு குடுக்குறான், வாணாங்கலாமா?" என்றார்.

பெண்கள் நேராகக் கம்பெனிக்கே போவதென்று முடிவு செய்தார்கள். மலர்க்கொடியை முன்னால் விட்டார்கள், வாய் உள்ளவள் அவள்தானே. வெயிலில் நடந்து போய் கேட்டுக்கு முன்னால் நின்றபோது கேட்டில் செல்லக்கண்ணுதான் இருந்தான். அவன் யாரையும் தெரியாதவன் மாதிரி உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து, கம்பிக் கதவைத் திறந்து ஓரமாக நின்றான். மேனேஜர் நல்ல மனுஷர். பெண்களை ஆபீஸ் கூடத்துக்குள்ளேயே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. சுவரில் கண்ணாடி போட்ட பெரிய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. கையில் மைக்கோடு, வாயைத் திறந்தபடி, மலர்க்கொடி.

"உங்க எல்லாரையும் கேட்டுட்டுத்தாம்மா நாங்க ஆரம்பிச்சோம்" என்றார் மேனேஜர், போட்டோவைக் காட்டி. "வேற யாராவது உபயோகப்படுத்தற பொருள்னா எங்களுக்கு இதுல அனுமதியே கிடைச்சிருக்காது. அதான் விதி. வருஷா வருஷம் வெளியிலேருந்து வந்து சோதிப்பாங்க. இப்பவும் ஒண்ணும் இல்ல, நீங்க அதை அடுப்பெரிக்கறது உண்மைன்னா சொல்லுங்க. நான் மேல எழுதறேன்."

பெண்கள் மலர்க்கொடியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தைதான், அன்றைக்குச் சொன்னது பொய்யுங்க. போலீஸ் என்று நினைத்துச் சொன்னேன், இந்தத் தெருவே மார் எரித்துத்தான் சோறு தின்கிறது என்று சொல்லிவிடலாம். திறந்திருந்த கதவு வழியாக கேட் தெரிந்தது. செல்லக்கண்ணு நீலச் சட்டையில், ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இவள் பக்கமே திரும்பி நின்றிருந்தான். கெஞ்சுகிற பார்வையில்லை அது. வாயைத் திறந்தால் தெரியும் என்கிற பார்வை. பொய் சொன்னவளின் புருஷனுக்கு நாளைக்கு கேட்டில் இடம் இருக்காது. மறுபடியும் மூங்கில் தூண், மறுபடியும் தட்டு. மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, பேச்சு நின்னுபோச்சா?" என்றாள் வெற்றிச்செல்வி.

மலர்க்கொடி தரையைப் பார்த்தாள். வெற்றிச்செல்வியாவது சொல்லியிருக்கலாம், மற்றவர்களாவது சொல்லியிருக்கலாம். சுகன்யாவிடம் அதே பொய்யைச் சொன்ன வாய்கள்தான் எல்லாம். ஆனால் போட்டோவில் இருந்தது ஒருத்திதான், அதனால் தப்பும் ஒருத்தியுடையதாகிவிட்டது. திரும்பி வரும் வழியில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் முன்னால் நடந்தால் அவர்கள் பின்தங்கினார்கள், அவள் நின்றால் ஒதுங்கித் தாண்டிப் போனார்கள். மறுநாள் குழாயடியில் அவள் குடத்தை வரிசையிலிருந்து எடுத்துக் கடைசியில் வைத்திருந்தார்கள். பதினாறு வருஷம் கூட இருந்தவர்கள் ஒருத்தியை இல்லாமல் ஆக்குவதற்கு ஒரு பொழுது போதுமாக இருந்தது.

பங்குனியில் மார் பிடுங்க அறிவழகன் கூலிக்கு ஆள் எடுத்தான். கூட்டம் சேர்க்கும் பொறுப்பு வெற்றிச்செல்விக்கு. கீழத்தெருவில் கை கால் உள்ள எல்லாப் பெண்களையும் கூப்பிட்டாள், மலர்க்கொடியைத் தவிர. மலர்க்கொடி வைராக்கியமாக இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் அடுப்பில் போட ஒன்றும் இல்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உத்திராபதி காட்டுக்குப் போய், யாரையும் பார்க்காமல், கிணற்றை ஒட்டின தன் நெரையில் இறங்கினாள். இந்த வருஷமும் முதல் எடுப்பிலிருந்து கடைசி எடுப்பு வரைக்கும் அதில் பருத்தி எடுத்தது அவள்தான். ஒவ்வொரு செடியின் வளைவும் அவளுக்குத் தெரியும். பிடுங்கப் பிடுங்கக் கோபம் தணிந்து ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது. ஒரே ஒரு கட்டு கட்டினாள். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பில் ஏறினாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. அன்றைக்கு லோடு ஏற்றுகிற இடத்துக்குக் காவலுக்கென்று செல்லக்கண்ணுவை அனுப்பியிருந்தார்கள். அறிவழகன் மோட்டார்சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெண்கள் கட்டுகளை லாரிக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடி லாரியைத் தாண்டி வரப்பிலேயே ஊர்ப்பக்கம் திரும்பினதும் கைகள் நின்றன.

"என்ன செல்லக்கண்ணண்ணே" என்றான் அறிவழகன், குரலை உயர்த்தாமல். "வூட்டு ஆளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா? இவளுவொல்லாம் பாத்துக்கிட்டுல்ல இருக்காளுவோ."

செல்லக்கண்ணு நொண்டி நொண்டி வரப்பில் வந்தான். அவன் தன்னைத் தாண்டிப் போய்விடுவான் என்று மலர்க்கொடி ஒரு கணம் நம்பினாள். அவள் தலையிலிருந்த கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. "வுடுடி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. இன்னொருமுறை இழுத்ததில் கட்டோடு சும்மாட்டுத் துணியும் வந்தது, ஒரு பிடி மயிரும் வந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கட்டைத் தூக்க முடியாதவன், அதை நசுங்கின காலோடு தரையில் இழுத்துக்கொண்டு போய் லாரி அடியில் போட்டான். வெற்றிச்செல்வி குனிந்து எடுத்து மேலே கொடுத்தாள். முதலில் சிரித்தது யார் என்று மலர்க்கொடி பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ் ஜீப்பில் ஏற்றியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷத்தில் அவனை வெறுத்த அளவுக்கு வேறு யாரையும் அவள் வெறுத்ததில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, வீங்கிச் சிவந்த காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அறிவழகன் முதல் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டான் என்று நோட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தான். அவள் தொடவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "காலுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி வையி புள்ள" என்றான். குரலில் ஒன்றுமே நடக்காத சாதாரணம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறைக்குப் பக்கவாட்டில், மாரை நெருக்கிக் கட்டி மண் பூசி அவர்களே எழுப்பின சமையல் சாய்ப்பு இருந்தது. மலர்க்கொடி அடுப்பு முன்னால் குந்தினாள். சுவரின் கீழ்ப்பக்கம் மண் பூச்சு விட்டிருந்த இடத்தில் விரலை நுழைத்து ஒரு குச்சியை உருவினாள். காய்ந்து கிடந்த குச்சி சுலபமாக வந்தது, மண் பொலபொலவென்று மடியில் விழுந்தது. உடைத்து அடுப்பில் வைத்துப் பற்ற வைத்தாள். நன்றாக எரிந்தது. அடுத்ததை உருவினாள், அதற்கடுத்ததை உருவினாள். தண்ணீர் கொதித்த பிறகும் நிறுத்தவில்லை, உலை வைத்தாள். உள்ளே இருந்தவன் ஓசையைக் கேட்டும் எழுந்து வரவில்லை. சுவரில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்து சாயங்கால வெளிச்சம் அடுப்பு மேல் வந்து விழுந்தது.

இன்னொரு குச்சிக்குக் கையை நீட்டியபோது அந்தக் குச்சி தானாக வெளிப்பக்கம் போயிற்று. மலர்க்கொடி கையைப் பின்னுக்கு இழுத்தாள். வெளியிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை உள்ளே வந்து, தடவிப் பார்த்து, தடிமனான ஒன்றைப் பிடித்து உருவிக்கொண்டு போயிற்று. மார் பிடுங்கிப் பிடுங்கிக் கொப்பளித்து உடைந்த உள்ளங்கை. ஓட்டை வழியாகப் பார்த்தாள். வெற்றிச்செல்வி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், மடியில் ஏற்கெனவே தன் அடுப்புக்கென்று ஒரு கைப்பிடி குச்சி சேர்த்திருந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெற்றிச்செல்வியின் கை மறுபடியும் சுவரை நோக்கி வந்தது. மலர்க்கொடி அவளுக்கு முந்திக்கொண்டு இரண்டு கையாலும் உருவத் தொடங்கினாள். மண் இரண்டு பக்கமும் கொட்டியது, சாய்ப்புக் கூரை ஒரு பக்கமாக மெல்லத் தாழ்ந்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.